கொழுந்தும் குழவியும்



குன்னூர்ச் சரிவுகளில் தேயிலை பறிக்கும் தாய்மார் இளந்தளிரைக் கொழுந்தென்றே வழங்குகின்றனர். வெள்ளையன் நட்ட செடிக்கும் தமிழ்ச்சொல் வாய்த்தது! 1964 உடன்படிக்கைக்குப்பின் இலங்கையினின்று வந்தோர் நாவிலும் அச்சொல்லே இருந்தது. ஆயின், அத்தாய்மாருட் சிலர் வீடு திரும்பியதும் தம் மகவைப் 'பேபி' என்கின்றனர். செடிக்கு வாய்த்தது சேய்க்கு வாய்க்கவில்லை.

தொல்காப்பிய மரபியல் கூறும் இளமைப்பெயர்கள் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. மக்கட்குரியவை மகவும் குழவியுமே. அக் குழவிப்பெயரை யானைக்கும் ஆவிற்கும் எருமைக்கும் அந்நூல் ஈகின்றது; முதுமலை யானையும் தொதவர் எருமையும் ஈனுவது குழவியே! அன்று பறவைக்குரியதாயிருந்த பிள்ளையோ இன்று வீடுதோறும் தவழ்கின்றது, தென்னங்கன்றும் பிள்ளைதான்.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காப்பக வாயிலில் வந்து நிற்கும் தாய் 'மகவு' எனத் தேடவேண்டா. "என் பிள்ளை எங்கே?" எனக் கேட்டாற் போதும்.