நாகைத் துறைமுகம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாகபட்டினத்தைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். காங்கேசன்துறையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 110 கிலோமீற்றர் கடல்வழியில் இருக்கும் ஊர் அது. 2023 அக்டோபரிலே இவ்விரு துறைகளுக்குமிடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடியது. நம்மவர் பலர் அவ்வூரின் பெயரைக் கோயில் பெயராகவே அறிவர். காயாரோகணேசுவரரும் நீலாயதாட்சி அம்மையும் வீற்றிருக்கும் தலம் என்பது உண்மையே. ஆயினும் அந்தக் கோயிலைத் துறைமுகத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்காமற் போய்விடும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் நாகைக் காரோணத்திலே பாடிய பதிகத்தை எடுத்துப் பாருங்கள். மற்றையோர் முத்தி கேட்பார்கள். இவரோ இறைவனிடம் முத்தும் வயிரமும் பட்டும் கஸ்தூரியும் கமழ்சாந்தும் கேட்கிறார். போதாதென்று, காற்றுப்போல விரைந்தோடும் குதிரையும் வேண்டுமென்கிறார்! தம்பிரான் தோழரல்லவா, உரிமையோடு கேட்கிறார். எனக்கோ அப்பதிகம் ஒரு துறைமுகக் கடைவீதியைப்போலவே தோன்றுகின்றது. இத்தகைய பண்டங்கள் வந்து குவியும் ஊரில் நின்றுகொண்டு வேறு எதைக் கேட்பது?

அந்தக் கடைவீதிக்கு அப்பால், நுளைப்பாடியிலே, அதிபத்தர் என்னும் பரதவர் தலைவர் வாழ்ந்தார். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் நல்ல மீன் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். பிறகு ஒரு மீன் மாத்திரமே கிடைக்கும் காலம் வந்தது. சுற்றத்தார் பட்டினி கிடந்தனர். அந்த ஒன்றையும் அவர் கடலிலே விட்டார். ஈற்றில் மணிகள் இழைத்த பொன்மீன் அகப்பட்டபோது அதனையும் விட்டார் என்று பெரியபுராணம் கூறும்.

இனி, நான் சற்று நின்று சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் நாகையிலே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். தஞ்சையிலே பெரிய கோயிலைக் கட்டிய அதே சைவப் பேரரசன், 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு வழங்கினான். அவனுடைய மகன் இராசேந்திரன் அதனை 21 செப்பேடுகளில் பொறிப்பித்தான். அந்த இராசேந்திரனே 1025இல் கடாரத்தின்மேற் படையெடுத்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். அரசர்களுக்குள் போர் மூண்டதே, பள்ளிக்கு விட்ட நிலம் என்னவாயிற்று? 1090ஆம் ஆண்டிலே முதலாம் குலோத்துங்கன் அந்த உரிமைகளை உறுதி செய்து வேறு மூன்று ஏடுகள் வெட்டிக் கொடுத்திருக்கிறான். போரை வேறாகவும் அறத்தை வேறாகவும் வைத்தார்கள்.

பிற்காலத்தில் போர்த்துக்கேயர் வந்தனர். யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தர் நாகையையும் அவர்களிடமிருந்து பிடித்தனர். 1690இல் சோழமண்டலக் கரையில் தங்கள் தலைமைத்தானத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினர். 1781இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. செப்பேடுகள் ஒல்லாந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தபடியால், ஆனைமங்கலத்தின் பெயரைவிட லைடன் என்னும் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது.

விகாரத்தின் கதியோ இன்னும் வருந்தத்தக்கது. அதன் எச்சமெனக் கருதப்படும் கோபுரம் ஒன்று மூன்று நிலைகளோடு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரவரும், சீனக் கோபுரம் என்று வெள்ளையரும் அழைத்தனர். 1856இல் அருகேயிருந்த இலுப்பை மரமொன்றை வெட்டியபோது அடியிலிருந்து புத்தர் படிமங்கள் கிடைத்தன. அதன் பின்னரும் பல ஆண்டுகளாக அகழ அகழ வெளிவந்த வெண்கலப் படிமங்கள் ஏறக்குறைய 350. சென்னை அருங்காட்சியகத்திற் பலவற்றைக் காணலாம். ஆனால் கோபுரத்தை 1867இல் அரசாங்க அனுமதியோடு இடித்துவிட்டார்கள். மாலுமிகளுக்குக் கரைகாட்டிய கட்டடம் அது. நம்மவரிற் சைவர்களேனும் அதற்காக உரத்துக் குரல் கொடுத்ததாக நான் படித்ததில்லை. "அது வேறு மதத்தாருடையது தானே" என்று இருந்துவிட்டார்கள் போலும். இராசராசன் அப்படி இருக்கவில்லை.

நல்லவேளையாக, அவன் வழக்கம் அவ்வூரில் அடியோடு அற்றுப்போகவில்லை. நாகையைச் சேர்ந்த நாகூரிலே சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவுக்குச் சென்றால் ஐந்து மினாராக்களைக் காண்பீர்கள். அவற்றுள் உயர்ந்தது 131 அடி. கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர். கந்தூரி விழாவுக்கு இந்துக்களும் திரளாக வருவர். தெற்கே வேளாங்கண்ணியிலும், செப்டெம்பர் மாதத் திருவிழாவில், அவ்வாறே பல மதத்தாரும் கூடுவர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி அதே கடல் பொங்கி, நாகை மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் அதிபத்தர் குலத்து மீனவர்கள். நாகூர்த் தர்காவினர் இறந்தவரின் சமயம் கேளாது தங்கள் நிலத்தில் அடக்கஞ் செய்ய இடங் கொடுத்தனர்.

ஆவணி ஆயிலியத்தன்று, நாகைக் கடற்கரையில் அதிபத்தர் விழா எடுத்து, பொன்மீனைக் கடலில் விடுவார்கள். சுனாமிக்குப் பின்னரும் அவ்விழா நடைபெற்று வருகின்றது. அங்கே செல்லும் இளைஞர்கள் அந்த நாளைப் பார்த்துச் செல்லுங்கள்.