தவறணையில் வாங்கு ஒன்று, மனம் வேறு



தவறணை வாங்கொன்றில் இருவர் அருகருகே அமர்கின்றனர். ஒருவர் ஒரு போத்தல் கள்ளோடு எழுந்து வீடு திரும்புகிறார். மற்றவரோ கள்ளிலிருந்து சாராயத்துக்கும், அதிலிருந்து கஞ்சாவுக்கும், ஈற்றில் ‘ஐஸ்’ எனும் நஞ்சுக்கும் சென்றுவிடுகிறார். ஊர் ஒன்று, உழைப்பு ஒன்று; முடிவு மாத்திரம் வேறாவது ஏன்?

கூடாத கூட்டமே காரணம் என்கிறோம். அது பாதி உண்மையே. மீதி அவரவர் இயல்பில் இருக்கிறது. மார்வின் சுக்கர்மன் என்னும் மனோதத்துவ அறிஞர், புதுப்புதுக் கிளர்ச்சிகளை நாடும் இயல்பை அளப்பதற்கு 1964இல் ஓர் அளவுகோலை வகுத்தார். குடிக்கு அடிமையானோரை 1987இல் றொபேட் குளோனிஞ்சர் இரு வகையினராகப் பிரித்தார். கிளர்ச்சியை நாடி இளமையிலேயே வீழ்வோர் ஒரு வகை. மனப் பதற்றத்தைத் தணிக்கக் குடித்துப் பிற்காலத்தில் வீழ்வோர் மறு வகை.

இவ்விரு வகையினரும் எம்மிடையே உளர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் எம்மவர் உள்ளங்களில் ஆழ்ந்த வடுக்களைப் பதித்தது. வைத்திய கலாநிதி தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலில் அவ்வடுக்களை விரிவாக எடுத்துரைத்தார். உறக்கமின்றித் தவிப்பவன் போதையை மருந்தென நம்புகிறான். போரை அறியாத இளைஞனோ அதனை விளையாட்டென நம்புகிறான். இருவருக்கும் ஒரே ஏச்சுத்தான் நாம் கொடுக்கும் மருந்து!

இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ‘ஐஸ்’ வைத்திருப்போருக்கு எதிரான சட்டம் 2022இல் கடுமையாக்கப்பட்டது. இவை வேண்டியனவே. ஆயினும் சட்டம் போத்தலைப் பிடிக்குமேயன்றி மனத்தைத் திருத்தாது.

கமக்காரப் பெருமக்களே! வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் வடமராட்சி மணலுக்கும் ஒரே அளவில் நீர் இறைப்பீர்களா? பிள்ளைகளும் அப்படியே. கனடாவில் பட்ரிசியா கொன்றொட் என்பார் மாணவரின் இயல்பை முன்னரே அறிந்து, அவரவர்க்கேற்ற சிறு பயிற்சிகளை வழங்கினார். குடியும் போதைப் பழக்கமும் அவர்களிடையே குறைந்தன.

இயல்பு விதியன்று, அது முன்னெச்சரிக்கை. ஆசிரியர்களே, துடிப்புள்ளவனுக்கு விளையாட்டுத் திடலையும் பொறுப்பையும் கொடுங்கள். பெற்றோர்களே, மனமுடைந்த பிள்ளையை ஊர் என்ன சொல்லுமோ என்று மறைக்காது மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மானம் போகுமென்று அஞ்சி மைந்தனை இழக்கலாமா? இக்கேள்வியை உங்கள்முன் வைத்து அமைகிறோம்.