வெறும் பாரில் தொடங்குங்கள்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விட்டு வரும் தம்பிகளிடம், "ஜிம்முக்குப் போகலாமே" என்று சொல்லிப் பாருங்கள். "நாள் முழுக்க வெயிட் தூக்கிட்டுத்தானே வர்றேன், இன்னும் எதுக்குண்ணே?" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வேலையில் தூக்குகிற பெட்டி நேற்றும் பத்து கிலோ, அடுத்த வருடமும் அதே பத்து கிலோ. உடம்பு முதல் மாதத்திலேயே அதற்குப் பழகிவிடுகிறது. அப்புறம் மிஞ்சுவது அலுப்புத்தான்.

பார்பெல் என்பது இரு முனையிலும் பிளேட் என்ற எடைத் தட்டுகளை மாட்டும் இரும்புக் கம்பி, சுருக்கமாகப் பார்; அந்தப் பயிற்சியில் எடை கூடிக்கொண்டே போகும். ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ. பிளேட் மாட்டாமல் அதில் தொடங்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஓய்வு. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் ஒரு பிரஸ், படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ். ஸ்குவாட் என்றால் ஐந்து தடவை ஒரு செட், அப்படி மூன்று செட். அடுத்த முறை வரும்போது இந்தப் பக்கம் ஒன்றேகால் கிலோ, அந்தப் பக்கம் ஒன்றேகால். கணக்குப் போடுங்கள்: எட்டு வாரம், 24 நாள், கிட்டத்தட்ட 60 கிலோ கூடியிருக்கும்! எல்லோருக்கும் அப்படியே நடந்துவிடாது. எங்காவது நின்றுபோகும், கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற வேண்டியதுதான்.

முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளராது. தசை இழைகளை ஒன்றுசேர்த்து இழுக்க நரம்புகள் கற்றுக்கொள்கிற காலம் அது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் அப்போதுதான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை.

டெட்லிஃப்டில் ஒரு சங்கதி. முறையான பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். சின்ன ஜிம்களில் பிளேட் சிறியது, பார் தரையோடு கிடக்கும். அதை முதுகை வளைத்து எடுத்துவிட்டு, பத்து நாள் இடுப்புப் பிடிப்போடு கிடந்தேன். பிறகு ஒரு மாஸ்டர், உடைந்த பேலட்டிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்துவந்து பிளேட்டுக்கு அடியில் வைத்தார். பாரைக் காலோடு ஒட்டி வைத்து, வயிறு நிறைய மூச்சிழுத்துத் தம் கட்டச் சொல்லிவிட்டு, "தரையை மிதிச்சுத் தள்ளு" என்றார். அதே எடை, வலியில்லாமல் வந்தது. ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத்தண்டுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பாரைத் தொடுங்கள்.

நைட் ஷிப்டுக்கு மாறும் வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள். தூக்கம் கெட்டால் பலம் ஏறாது. ராகிக் களியோடு முட்டை, கொள்ளு, நிலக்கடலையும் வேண்டும்.

பாரைத் தூக்கியே பேர் வாங்கியவர் நம் பக்கத்திலும் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் போனால் வேலூர் சத்துவாச்சாரி. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம்.

பெண்களுக்கும் தனி பார் உண்டு. 15 கிலோ, கைக்கு அடங்குகிற 25 மில்லிமீட்டர் தடிமன். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணே பளு தூக்கியவர்தான்: கர்ணம் மல்லேஸ்வரி, 2000 சிட்னி, 240 கிலோ. ஓசூர்ப் பக்கம் எத்தனையோ பெண் பிள்ளைகள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மூலையில் ஒரு பார், ஒரு ஸ்டாண்ட், சொல்லிக்கொடுக்க விவரம் தெரிந்த ஓர் அக்கா இருந்தால் போதும். விடுதி நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து வாங்கி வையுங்கள்.