மலையை அளக்கும் உத்தியோகம்
(சோளக்காட்டில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கும் மில் தொழிலாளத் தோழர்களுக்கும், பலாவையும் வாழையையும் சந்தையில் இறக்கிவிட்டு வந்திருக்கும் மலைத் தோழர்களுக்கும் நமது வணக்கம்.

"சூழலியல் ஆலோசகர்" என்று ஓர் உத்தியோகம் உண்டு. சுரங்கம், அணை, பெரிய ஆலை போன்றவை வருவதற்கு முன்னால், அந்த இடத்தில் என்ன மரம் நிற்கிறது, என்ன பிராணி வாழ்கிறது, ஓடைத் தண்ணீர் எங்கே போகிறது, வேலை ஆரம்பித்தால் இவற்றின் கதி என்ன என்று ஆராய்ந்து எழுத வேண்டும். அப்படி எழுதுகிறவர்களில் ஒருவர்தான் இவர். 1994இல் மத்திய சர்க்கார் குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு இந்த அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2006இல் புதிய விதிகள் வந்தன. அறிக்கையை வைத்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இந்த மலையே பதில் சொல்லும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகக் கொல்லிமலையில் பாக்சைட் வெட்டினார்கள். சுற்றுச்சூழல் அனுமதிப் பிரச்சினை கிளம்பி, 2008இல் வெட்டுவது நின்றது. அதே ஆண்டில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தியும் நின்றது. மலையில் மண் போயிற்று. சமவெளியில் வேலை போயிற்று. ஆரம்பத்திலேயே ஒழுங்காக ஆராய்ந்து, எங்கே வெட்டலாம், எங்கே கூடாது, வெட்டிய இடத்தை எப்படி மூடுவது என்று நேர்மையாக எழுதி நடந்திருந்தால், இரண்டு பக்கமும் உழைப்பாளிக்கு இத்தனை கஷ்டம் வந்திருக்குமா? ஆகவே இது மலைக்காரன் பிரச்சினை மட்டுமல்ல, மில் தொழிலாளியின் பிரச்சினையுமாகும்.

சரி, இந்த அறிக்கையை எழுதுகிறவருக்குக் கூலி கொடுப்பது யார்? திட்டம் போடுகிற முதலாளியேதான்! ஆலோசகரைத் தேடிப் பிடிப்பதும் அவரே, பணம் கொடுப்பதும் அவரே. தராசைப் பிடிக்கிறவனுக்குச் சரக்கு விற்கிறவன் சம்பளம் கொடுத்தால் எடை எப்படியிருக்கும்? மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி ஜில்லாவில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரித்த அறிக்கையில், ரஷ்யாவிலுள்ள ஒரு சுரங்கத்தின் அறிக்கையிலிருந்து பகுதிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தது அம்பலமாயிற்று. கொங்கணத்து மாமரத்துக்கும் ரஷ்யக் காட்டுக்கும் என்ன உறவு, தோழர்களே? 2011இல் சுப்ரீம் கோர்ட், அரசு அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலிலிருந்து மட்டுமே இந்த அறிக்கையை வாங்க வேண்டும் என்று சொல்லியது. பட்டியல் இருக்கிறது. ஆனால் கூலி கொடுக்கும் கை மாறவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பார்ப்போம். திட்ட இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை ஆராய்வது வழக்கம். மரங்களுக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி எண்ணுவார்கள். புல் பூண்டுக்கு ஒரு மீட்டர் சதுரம். பறவைகளுக்கு ஒரே தடத்தில் நடந்து, கண்டதையும் கேட்டதையும் குறிப்பார்கள். ஆனால் பெரும்பாலான திட்டங்களுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்துக் கணக்குப் போதும் என்கிறார்கள். மழை நின்ற பிறகு வந்து பார்த்தால் தவளை எங்கே? கார்காலத்தில் மட்டும் தலை நீட்டும் கொடி எங்கே? வருஷம் முழுவதும் இங்கே மாடு மேய்க்கும் பையனுக்குத் தெரிந்தது, பத்து நாள் வந்து போகிறவருக்குத் தெரியுமா?

இந்த உத்தியோகத்துக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று நாம் சொல்லுவது இதனால்தான். வழி இருக்கிறது. பள்ளியில் உயிரியல் பாடம். கல்லூரியில் தாவரவியல் அல்லது விலங்கியல். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பட்டம் உண்டு. மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் சொல்லித் தருகிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் முதுகலை உண்டு. அதற்குமேல், அறிக்கையில் "சூழலியலும் உயிரினப் பன்மையும்" என்ற பகுதிக்குக் கையெழுத்துப் போட, இந்தியத் தரக் கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். அதற்குப் பட்டமும் பல வருஷ அனுபவமும் கேட்கிறார்கள். செடியை அடையாளம் காண்பது, கணக்கெடுப்பது, வரைபடம் போடுவது, சட்டம் படிப்பது என்ற நான்கும் கைவர வேண்டும்.

பட்டம் இல்லாதவருக்கு இதில் இடமில்லையா? உண்டு. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிக்கா என்ற சின்ன நாடு 1989இல் ஒரு காரியம் செய்தது. விவசாயிகளையும் பண்ணைத் தொழிலாளிகளையும் குடும்பப் பெண்களையும் சேர்த்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்து, காட்டின் பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்து இனம் பிரிக்க வைத்தது. விஞ்ஞானிகள் அவர்கள் வேலையை நம்பி ஆராய்ந்தார்கள். நம் மத்திய சர்க்காரும் 2017இல் பசுமைத் திறன் பயிற்சி என்று ஒன்று ஆரம்பித்தது. படிப்பை இடையில் விட்ட வாலிபர்களையும் மனதில் வைத்துப் போட்ட திட்டம் அது.

இந்த மலையிலேயே சான்று உண்டு. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைச் சேகரித்துக் காத்து வருகிறது. மரவள்ளி பரவி, சிறுதானியம் சுருங்கிய காலம் அது. எந்த ரகம் எந்த மண்ணுக்கு, எது எத்தனை நாளில் விளையும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? இந்த ஊர்களின் விவசாயிகள், குறிப்பாக நம் தாய்மார்கள். அறிவு இங்கே இருக்கிறது. சான்றிதழும் சம்பளமும் வேறெங்கோ போகின்றன.

ஆகவே தோழர்களே, காரியங்கள் மூன்று.

முதலாவது: 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு குழுவும், ஊரின் செடி கொடி பிராணிகளைக் குறிக்கும் பதிவேடும் இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். உங்கள் பெயர் சொல்லும் செடி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது: திட்டம் எதற்காவது பொது விசாரணை நடந்தால், முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். எந்த மாதத்தில் கணக்கெடுத்தார்கள், யாரிடம் விசாரித்தார்கள் என்ற இரண்டு கேள்வியை எழுந்து கேளுங்கள்.

மூன்றாவது: பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். கூலிக்காரன் பிள்ளைக்குக் காடு தெரியும். கணக்கும் ஆங்கிலமும் சேர்ந்துவிட்டால் அவன் எழுதும் அறிக்கையில் ரஷ்யக் காடு வராது. கொல்லிமலைதான் வரும்.