உயிரைப் பணயம் வைத்தலும் உயிரை விடுதலும்

சர்க்கார் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாகத் தில்லியில் காலம் கழித்து வருகிறோம். சொற்கள் நம்மை ஏமாற்றுவது பழகிப்போன விஷயம். ஆயினும் சில மாதங்களுக்கு முன் ஒரு பாராட்டுரையைத் தமிழாக்கியபோது, நம் கையே எழுதிவிட்ட ஒரு தொடர் நம்மை மேலே போகவிடாமல் தடுத்துவிட்டது. பிறரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொண்ட ஒருவரைப் பற்றிய உரை அது. 'உயிரைத் துச்சமாக மதித்து' என்று எழுதினோம். உயிரைத் துச்சமாக மதிக்கிறவர் பிறர் உயிரை மட்டும் எதற்காகக் காப்பாற்றப் போகவேண்டும்?

பக்கத்து மேஜை நண்பர் இதையே வேறு விதமாகக் கேட்டார். "சாகக்கூடும் என்று தெரிந்தேதானே போனார், சார்? தற்கொலை செய்துகொள்கிறவரும் தெரிந்தேதான் செய்கிறார். ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்குப் பழி. இது என்ன நியாயம்?"

கேள்வி குதர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய அறிஞர் ஒருவரின் ஆதரவு அதற்கு உண்டு. பிரான்ஸ் தேசத்துச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மரணம் விளையும் என்று அறிந்தே ஒருவர் செய்யும் செயலால் அவருக்கு நேரும் மரணம் யாவும் தற்கொலையே என்பது அதில் அவர் வகுத்த இலக்கணம். தம் படையைக் காக்க நிச்சயமான மரணத்தை எதிர்கொள்ளும் போர்வீரனும் இதில் அடங்குவான். நோக்கம் என்பது மனத்தினுள் மறைந்திருப்பது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எட்டாது என்பது அவர் கூறிய காரணம். கணக்கெடுப்பவருக்கு இந்த இலக்கணம் வசதியாக இருக்கலாம். ஒரு மனிதரை மதிப்பிட அது போதுமா என்பதுதான் நம் ஐயம்.

மேற்கு வங்காளத்தில் இராணிகஞ்சு நிலக்கரிப் பகுதியில் வாழும் நம்மவர் சிலர் அடுத்து வரும் செய்தியை நம்மைவிட நன்கு அறிந்திருப்பர். 1989 நவம்பரில் அங்குள்ள மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. எழுபத்தொரு தொழிலாளர்கள் உள்ளே சிக்கினர். அவர்களில் அறுவர் மாண்டனர். எஞ்சிய அறுபத்தைந்து பேர் பூமிக்கு அடியில் காத்திருந்தனர். அவர்கள் இருந்த இடத்தை நோக்கி மேலிருந்து துளையிட்டு, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்து, அதை அத்துளையின் வழியே இறக்குவது என்று முடிவாயிற்று. அப்படி யாரும் அதற்கு முன் அங்கே இறங்கிப் பார்த்ததில்லை. கம்பி அறுந்தாலோ கூண்டு நடுவழியில் சிக்கினாலோ மீள்வது அரிது. ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், தாமே இறங்குவதாக முன்வந்து இறங்கினார். அறுபத்தைந்து பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் தாம் ஏறி வந்தார். உயிர் காத்தோருக்கு அரசு வழங்கும் மிக உயர்ந்த பதக்கம் 1991-இல் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்து 2019-இல் காலமானார்.

அவர் இறங்கிய கணத்தை எண்ணிப் பாருங்கள். மரணம் நேரலாம் என்பதை அவர் அறிவார். ஆனால் அந்த மரணத்தினால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மரணத்தை அச்செயலிலிருந்து எடுத்துவிட்டாலும் செயல் முழுமையாக நிற்கிறது. சொல்லப்போனால், அப்போதுதான் அது நிறைவேறுகிறது. அவர் மாண்டிருந்தால் போன காரியமும் பாதியில் கெட்டிருக்கும். தற்கொலையிலோ மரணத்தை எடுத்துவிட்டால் செயலே இல்லாமல் போகிறது. நம் தமிழ் வழக்கு இந்த வேற்றுமையைத் துர்கைமைவிடத் தெளிவாகவே பிடித்திருக்கிறது. 'உயிரைப் பணயம் வைத்தான்' என்கிறோம். பணயம் வைக்கிறவன் அதை மீட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஆசையோடுதான் வைக்கிறான். துச்சமான பொருளை யாரும் பணயம் வைப்பதில்லை. அந்தப் பாராட்டுரையில் நாம் எழுதிய தொடரை அடித்துவிட்டு இதையே எழுதினோம்.

இவ்வளவில் விஷயம் முடிந்துவிட்டதென்று எண்ணினால் தவறு. ஆபத்தை மேற்கொள்வதெல்லாம் உயர்வு, தற்கொலையெல்லாம் இழிவு என்று கோடு கிழித்துவிட முடியாது. பம்பாய் மின்சார ரயிலின் வாசலில், உள்ளே இடமிருந்தும், படம் பிடிப்பதற்காகத் தொங்கும் இளைஞனுக்குச் சாகும் எண்ணம் சிறிதும் இல்லை. எனினும் அவன் கண்டிக்கத்தக்கவன். மனம் நைந்து, இனி வழியில்லை என்று நம்பி உயிரை விட முனைபவரோ அவ்வளவு கண்டனத்துக்குரியவர் அல்லர். அவருடைய தேர்வை நாம் சரியென்று ஏற்கவில்லை. ஆனால் அது நோயின், துயரின் பிடியில் செய்த தேர்வு. பழி சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைவாசம் விதித்தது. 1994-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1996-இல் அதே நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு செல்லும் என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டந்தான், அவ்வாறு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்று கூறிற்று. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்குடன் தற்கொலைக்கு முயல்வது மட்டும் இன்றும் குற்றம்.

அந்தப் பழைய பிரிவில் சிக்கியவர்களுள் மணிப்பூரின் ஐரோம் சர்மிளாவும் ஒருவர். ஆயுதப் படைகளுக்குத் தனி அதிகாரம் தரும் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரில் உண்ணாநோன்பு தொடங்கி, 2016 ஆகஸ்டு வரை நீடித்தார். மூக்கு வழியே குழாய் செலுத்தி உணவூட்டினர். தற்கொலை முயற்சி என்று மீண்டும் மீண்டும் காவலில் வைத்தனர். தில்லி நீதிமன்றத்தில் நின்றபோது, தமக்குச் சாகும் எண்ணமில்லை, வாழ்வை நேசிப்பவள் தாம் என்றே அவர் கூறினார். 2016-இல் அந்த வழக்கில் விடுதலையானார். கோரிக்கை நிறைவேறியிருந்தால் மறுகணமே உண்டிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. நோன்பு சரியான வழிதானா என்பது வேறு கேள்வி. அதில் நமக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் அதைத் தற்கொலை என்றது சொற்பிழை.

இனி, இந்த இரண்டுக்கும் இடையே ஒரு மங்கலான இடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று பேச வந்தோம். நாம் குடியிருக்கும் காலனியில் ஒரு தமிழ்க் குடும்பம். மூத்த பையன் போட்டித் தேர்வில் இரண்டாம் முறையும் தவறினான். அதன்பின் மோட்டார் சைக்கிளை இரவில் எடுத்துக்கொண்டு தலைக்கவசமின்றிக் கண்மண் தெரியாமல் ஓட்டத் தொடங்கினான். திமிர் என்று தந்தை திட்டினார். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஒருநாள் மாடிப்படியில் அவனைப் பிடித்து, "என்ன தம்பி, உயிர்மேல் ஆசையில்லையா?" என்று வழக்கம்போல் கேட்டுவைத்தோம். "வந்தால் வரட்டும் மாமா, யாருக்கு நஷ்டம்?" என்றான். விளையாட்டாகச் சொன்னதுபோல் இல்லை.

அவன் பணயமும் வைக்கவில்லை, உயிரை விடவும் முடிவு செய்யவில்லை. தீர்ப்பைச் சாலையிடம் விட்டுவிட்டான். அத்தகையவனிடம் துணிவைப் பற்றியோ குற்றத்தைப் பற்றியோ பேசிப் பயனில்லை. அன்றிரவே அவன் தந்தையிடம் போய்ச் சொன்னோம். அவர் முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு கஷ்டம் உண்டு. பாட்டி, அத்தை, தாய்மாமன் என்று மனத்தைக் கொட்ட அருகில் யாரும் இல்லை. மனத்துயரை இந்தியில் விளக்கிச் சொல்லவும் எல்லோருக்கும் வருவதில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையைத் தந்தையிடம் அன்று சொன்னோம். எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். முதலில் அழைத்தவர் தந்தைதான். பையன் அழைக்க மேலும் ஒரு வாரம் ஆயிற்று. இப்போது மாதம் இருமுறை மருத்துவரைப் பார்த்து வருகிறான். மோட்டார் சைக்கிளை விற்கவில்லை. சாவி சமையலறை அலமாரியில் இருக்கிறது. வேண்டும்போது அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.