மூளை நாடியில் ஒரு பிளாற்றினச் சுருள்



திருகோணமலைக் கடற்கரையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், "ஐயோ, மண்டை பிளக்குதே!" என்று தலையைப் பிடித்தபடி மணலில் அமர்ந்துவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். வாந்தி வருகிறது, பிடரி விறைக்கிறது. அருகில் நிற்பவர் என்ன சொல்வார்? "வெயில் பட்டிட்டுது அண்ணை, நிழலிலை கொஞ்சம் படுங்கோ" என்பார். அன்பினால் சொல்லும் அந்தச் சொல்லே சில வேளைகளில் உயிருக்கு உலையாகிவிடுகிறது.

மூளையின் அடிப்புறத்தில் நாடிகள் கிளைவிடும் இடங்களிலே, சுவர் நலிந்து, சிறு பழம்போலப் புடைப்பதுண்டு. பலருக்கு அது ஆயுள் முழுவதும் வெடிப்பதேயில்லை. வெடித்தாலோ, இடி விழுந்தாற்போல் கணத்தில் உச்சத்தை எட்டும் தலையிடி உண்டாகும். கசிந்து நின்ற புடைப்பு மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி. புகைத்தலும் உயர் குருதி அமுக்கமும் இந்நோய்க்குத் துணைபோகின்றன.

முன்னர் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்திலே கவ்வி பூட்டுவார்கள். 1937 இல் வால்ற்றர் டாண்டி தொடக்கிவைத்த முறை அது. இத்தாலியரான குக்லியெல்மி கண்ட வழி வேறு. தொடையிடுக்கு நாடியில் ஒரு சிறு துளை. அதனூடாக மெல்லிய குழாயொன்று பெருநாடியில் ஏறி, கழுத்தைக் கடந்து, மூளையை அடைகிறது. குறுகிய வாயிலால் நம் உட்துறைமுகத்துக்குக் கப்பலை நடத்திவரும் வழிகாட்டியைப்போல, மருத்துவர் எக்ஸ் கதிர்த் திரையைப் பார்த்தே அதைச் செலுத்துகிறார். குழாயினூடே சென்ற மென்மையான பிளாற்றினச் சுருள் புடைப்பினுள் பந்தாய்ச் சுருண்டுகொள்ளும். இடம் சரியென்று கண்டபின், சிறு மின்னோட்டத்தால் அதைக் கம்பியிலிருந்து பிரித்துவிடுவார்கள். உள்ளே குருதி உறைந்து புடைப்பு அடைபடும். முதல் நோயாளிக்கு இது 1990 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே செய்யப்பட்டது.

எந்த முறை நன்று? இரண்டுக்கும் ஏற்ற நோயாளர் 2143 பேரை ஆராய்ந்து, 2002 இல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டில் இறந்தோரும் பிறர் கையை நம்பி வாழ்ந்தோரும் கவ்விப் பிரிவில் நூற்றுக்கு 31. சுருள் பிரிவில் 24. எனினும் சுருள் காலப்போக்கில் அமுங்கலாம்; மறுபரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். அகன்ற கழுத்துள்ள புடைப்புக்குக் கவ்வியே பொருந்துவதும் உண்டு.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சாலைவழி ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஆகவே நிழலில் படுத்து வீணாகும் ஒரு மணி நேரமும் அந்தத் தூரத்தோடு சேர்ந்துகொள்ளும். 1990 என்பது, வேடிக்கையாக, நம் நாட்டின் இலவச நோயாளர் காவு வண்டியின் தொலைபேசி இலக்கமும் ஆகும். அதை அழையுங்கள். முதலில் வேண்டியது தலைக்குச் சீ.ரீ. ஸ்கேன். அதுவரை அஸ்பிரின் மாத்திரை கொடுக்க வேண்டாம். தலையிடி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை உடன் செல்பவர் மருத்துவரிடம் சொல்லட்டும்.