எறிவதற்கு இடமில்லாத ஊர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய விழா மேடையில் கடைப்பையைப் பற்றிப் பேசலாமா என்னும் வினா எழுவது இயல்பே. எனினும், வழங்கும் சொல் மாறும்போது வாழ்வும் மாறிவிடுகிறது என்பதனைக் கவிஞர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். கடைக்குப் புறப்படும் பிள்ளையிடம் 'பையை எடுத்துக்கொண்டு போ' என்று சொல்லாத தாய் ஒரு காலத்தில் இல்லை. அச்சொல் மெல்ல மறைந்தது. 'ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள்' என்னும் சொல் கடைமுன் ஒலிக்கத் தொடங்கியது. இவ்விரு சொற்களுக்கும் இடையே நிகழ்ந்துவிட்ட மாற்றம் எத்தகையது என்பதைத் தெளிவாகக் காண வேண்டுமாயின், ஒரு தீவை நோக்குதல் நலம்.

பெருநிலத்தில் வாழ்வோர்க்கு 'வெளியே' என்றொரு வசதியான சொல் உண்டு. வீட்டுக் குப்பை வீட்டுக்கு வெளியே போகிறது. தெருக் குப்பை தெருவுக்கு வெளியே போகிறது. ஊர்க் குப்பை ஊருக்கு வெளியே, பெரும்பாலும் ஒரு கண்மாய்க் கரைக்கோ ஓடைப் படுகைக்கோ போகிறது. கண்ணுக்கு மறைந்தவுடன் அது இல்லாமற் போய்விட்டதாக மனம் நம்பிக்கொள்கிறது. தீவில் வாழ்வோர்க்கு இந்த நம்பிக்கை வாய்ப்பதில்லை. அவர்கள் எத்திசையில் எறிந்தாலும் அது கடலில்தான் விழும்; கடலோ வாங்கியதைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். தீவு என்பது எறிவதற்கு இடமில்லாத ஊர்.

தமிழகத்தில் இதற்கு நல்ல சான்று இராமேசுவரம் அமைந்துள்ள பாம்பன் தீவு. 1914-இல் இரயில் பாலமும், 1988-இல் சாலைப் பாலமும் இத்தீவைப் பெருநிலத்தோடு இணைத்தன. பழைய இரயில் பாலத்திற்கு மாற்றாக எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாலங்களின் வழியே அரிசி வருகிறது, காய்கறி வருகிறது, திருத்தலம் நாடி மக்கள் வருகின்றனர். அவர்களோடு பையும் வருகிறது. மக்கள் திரும்பிச் சென்றுவிடுகின்றனர். பை தங்கிவிடுகிறது. எரித்தால் நச்சுப்புகை குடியிருப்பின் மீதே படிகிறது. புதைத்தால், மணலுக்கு அடியில் ஊறும் நன்னீருக்கு அருகிலேயே புதைக்க வேண்டியிருக்கிறது.

கடலோ வெறும் நீர்ப்பரப்பு அன்று. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் அவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கரையோர மக்கள் 'ஆவுளியா' என்று அழைக்கும் கடற்பசு இங்குள்ள கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. கடலாமைகளுக்குச் சொறிமீன் உணவு. நீரில் மிதக்கும் மெல்லிய பை, சொறிமீன் போலவே தோன்றுகிறது. ஆமை அதனை விழுங்கிவிடுகிறது. கடைவீதியில் சில நிமிடங்களே பயன்பட்ட ஒரு பொருள், பல ஆண்டுகள் வாழ வேண்டிய ஓர் உயிரின் குடலை அடைத்துவிடுகிறது.

ஆகவே பையைத் தடை செய்வதே முறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தடை என்னும் சொல் எழுந்தவுடன் வழக்கும் எழுகிறது. தமிழ்நாட்டில் 2018 சூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களை விலக்கியது. தடிமன் எவ்வளவாயினும் கைப்பை கூடாது என்பது அதன் சிறப்பு. பெருநிலத்துக்கும் தீவுக்கும் பொதுவான அத்தடையை ஒட்டி எழும் வழக்குரைகளைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். அவற்றுள் ஒன்றும் புறக்கணிக்கத்தக்கதன்று.

முதலில் வணிகர் தரப்பு. 'பை கொடுக்காவிட்டால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்' என்கிறார் சிறுவணிகர். இது மெய்யே. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கே இழப்பு. எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால் எவருக்கும் இழப்பில்லை. அவ்வகையில் பொதுத்தடை வணிகருக்குப் பகையன்று, துணையே ஆகும். ஆயினும் அவர் கேட்கும் இன்னொரு கேள்வி கூர்மையானது. தொழிற்சாலையிலேயே நெகிழியில் அடைக்கப்பட்டு வரும் பண்டங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 'பெரிய நிறுவனத்தின் உறைக்கு விலக்கு, என் கடைப்பைக்குத் தண்டமா?' என்று அவர் கேட்டதில் அறம் உண்டு.

அடுத்தது திருத்தல வழிபாட்டினர் தரப்பு. இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடி வருபவரின் கையில் ஈரத்துணி இருக்கிறது. வெளியூர் செல்லும் வண்டிக்கு நேரமாகிறது. அந்த ஈரத்துணியை அவர் எதில் வைப்பார்? அவருக்கு அறவுரை பயன்படாது. மாற்றுப் பையே பயன்படும். மீன் வாங்குவோர் நிலையும் அதுவே. முன்னாளில் நீர் வடியும் மீனைப் பனையோலைப் பெட்டி தாங்கிற்று. இராமநாதபுரக் கரையோரத்தில் பனைக்குக் குறைவில்லை; ஓலையை முடைந்து கொட்டானாக்கும் கைகளுக்கே குறைவு நேர்ந்துவிட்டது. அக்கைகளுக்கு உரிய கூலி கிடைக்காதவரை, 'கொட்டானுக்குத் திரும்புக' என்பது வெறும் பேச்சாகவே நின்றுவிடும்.

மூன்றாவது, மீனவர் தரப்பு. வலையில் மீனோடு பையும் ஏறி வருவதை முதலில் காண்பவர்கள் அவர்களே. ஆயினும் அவர்களது வலையும் இன்று நைலானே. அறுந்து கடலில் விடப்படும் வலையும் உயிர்களைக் கொல்கிறது. எனவே இவ்வழக்கில் குற்றமற்ற தரப்பு என ஒன்றில்லை. எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதே தீவு கற்பிக்கும் முதற் பாடம்.

பிற தீவுகள் இவ்வழக்கை எவ்வாறு தீர்த்துக்கொண்டன என்பதும் நோக்கத்தக்கது. பசிபிக் கடலில் உள்ள அவாய்த் தீவுகளில், மாநிலம் முழுமைக்குமான சட்டம் பிறப்பதற்கு எவரும் காத்திருக்கவில்லை. அந்தந்தத் தீவின் ஆட்சிமன்றமே கூடி வழக்காடி முடிவெடுத்தது. மாவி, கவாய் ஆகிய தீவுகளில் 2011-இலும், பெருந்தீவில் 2014-இலும், ஓவாகூவில் 2015-இலும் தடை நடைமுறைக்கு வந்தது. தமிழர் பல தலைமுறைகளாக வாழும் மொரீசியசுத் தீவில் 2016 சனவரி 1 முதல் நெகிழிப்பை விலக்கப்பட்டது. இலங்கையின் கதை துயரமானது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளின் மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அங்கு நெகிழிப்பையும், உணவு பொதியும் மெல்லிய தாளும் தடை செய்யப்பட்டன. முன்கூட்டி வழக்காடி முடிவெடுப்பதற்கும், பிணங்களை எடுத்தபின் முடிவெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

அயர்லாந்தும் ஒரு தீவே. அந்நாடு தடை விதிக்கவில்லை. 2002-இல் ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் வரி விதித்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 328 என்றிருந்த பைகளின் எண்ணிக்கை 21 ஆகக் குறைந்தது. பணம் சிறிது, ஆனால் 'இலவசம்' என்னும் மயக்கத்தை அது கலைத்தது. கேளாமல் கிடைப்பதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் இடையே ஒரு நொடி சிந்தனை பிறக்கிறது. அந்த ஒரு நொடியே போதுமானதாயிற்று.

இங்கே ஒரு முரணையும் சுட்ட வேண்டும். இன்றைய கடைப்பையின் வடிவத்தை 1960-களில் உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைத் தவிர்க்கவும், ஒரே பையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தவுமே அவர் அதனைக் கருதினார் என்று அவர்தம் மகன் பிற்காலத்தில் கூறியுள்ளார். பொருள் தீயதன்று, ஒருமுறை கொண்டு எறியும் பழக்கமே தீயது என்பது இதனால் விளங்கும்.

இந்த உண்மை துணிப்பைக்கும் பொருந்தும். பருத்தியை விளைவிக்க நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். 1936-இல் இராசபாளையம் மில் தொடங்கப்பட்ட காலந்தொட்டு நூலோடு வாழும் இவ்வூர் மக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதலைக் கணக்கிட்டால் ஒரு பருத்திப்பையை 131 முறை பயன்படுத்தினால்தான் அது ஒருமுறை பயன்பட்ட நெகிழிப்பையினும் மேம்படும் என்று கணித்தது. விழாதோறும் ஒரு புதிய துணிப்பையை வாங்கி அலமாரியில் அடுக்குவோர் கடலைக் காத்தவராகார். கந்தலாகும் வரை ஒரே பையைச் சுமப்பவரே காத்தவர்.

அங்ஙனம் சுமந்த ஒரு மரபு நம்மிடம் இருந்தது. அதன் பெயர் மஞ்சப்பை. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு வந்தது. மணமக்களின் பெயர் மங்கி மறையும் வரை கடைக்கும் வயலுக்கும் நீதிமன்றத்திற்கும் சென்றது. அத்தகைய பை எவ்வாறு மறைந்தது? நெகிழி மலிவாயிற்று என்பது பாதி விடையே. மறுபாதி, சொல்லில் இருக்கிறது. 'மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன்' என்பது பட்டிக்காட்டானுக்கு மறுபெயராயிற்று. நகரம் அச்சொல்லால் நகைத்தது. கதையும் திரைப்படமும் உடன் நகைத்தன. பையை ஒழித்தது பாலித்தீன் மட்டுமன்று, நாணமும் ஆகும். அந்த நாணத்தை விளைத்தது மொழி.

2021 திசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. இழிவுச் சொல்லாகிவிட்ட ஒன்றையே இயக்கத்தின் பெயராக ஏற்றது பாராட்டத்தக்க துணிவு. ஆயினும் அரசாணையால் ஒரு பொருளை விலக்கலாம். ஒரு சொல்லுக்கு மதிப்பை மீட்டுத் தர இயலாது. அது மொழியைக் கையாள்வோர் கடமை. பழித்த வாயே வாழ்த்தவும் வேண்டும்.

இப்பணிக்குத் திருவில்லிபுத்தூரினும் உரிமையுள்ள ஊர் வேறில்லை. ஒருமுறை பயன்பட்டது குப்பை என்பது நெகிழிக் காலத்தின் இலக்கணம். ஒருவர் சூடிக் களைந்தது மேலும் உயர்ந்தது என்பது இவ்வூரின் இலக்கணம். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் சித்திரையில் மதுரையில் எழுந்தருளும் அழகருக்கும், புரட்டாசியில் திருமலைக்கும் செல்கிறது. தம் ஊர்க் கவிஞரைச் 'சூடிக்கொடுத்தவர்' என்றே போற்றும் மக்கள், பயன்பட்ட பொருளை இழிவாகக் கருதுவது முறையாகாது.

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் தீவுகள் அல்ல என்று கருதிவிடவும் வேண்டா. மேற்கே மலைத்தொடர், அதிலுள்ள காடுகள் 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயின. கிழக்கே கண்மாய்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவோர் விட்டு வரும் பை மழையோடு இறங்கி ஓடையில் சேரும். ஓடை கண்மாயை நிறைக்கும். கண்மாய் வயலுக்குப் பாயும். கடலுக்குப் பதில் மலையும் வயலும் சூழ்ந்திருப்பது ஒன்றே வேறுபாடு. இங்கும் 'வெளியே' என ஓர் இடம் இல்லை.

இறுதியாக, இலக்கிய வட்டமும் ஒரு சிறு தீவே. அதற்கென்று ஒரு செயற்குழு உண்டு. கூடி வழக்காடி முடிவெடுக்கும் உரிமை உண்டு. இலக்கிய விழாக்களின் வழக்கத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். வாயிலில் நிற்கும் விளம்பரப் பதாகை நெகிழி. மேடையில் அணிவிக்கும் பொன்னாடை, கண்ணாடி போன்ற பாலித்தீன் உறையிலிருந்து உருவப்படுகிறது. பூங்கொத்தைச் சுற்றியிருப்பதும் அதுவே. இயற்கையைப் பாடும் கவியரங்கம் முடிந்தபின் அரங்கைப் பெருக்குபவர் எடுத்துச் செல்லும் மூட்டையில் கவிதை இருப்பதில்லை, இவைதாம் இருக்கின்றன.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம், இவை மூன்றையும் தன் மேடையிலிருந்து விலக்கலாமா என்பதை அடுத்த செயற்குழுவில் பொருளாக வைத்து வழக்காடுதல் வேண்டும். அச்சகத்தார், பதாகை எழுதுவோர், பூக்கடைக்காரர் ஆகியோரின் பிழைப்பையும் அங்கே பேசுதல் வேண்டும். அவர்களை மறந்து எடுக்கும் முடிவு நிலைக்காது. மலரைப் பெற்றுச் செல்ல வருவோர் வீட்டிலுள்ள பழைய பையையே கொண்டுவருமாறு அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தால் போதும். புதுப்பை அச்சிட வேண்டுவதில்லை. 'பையை எடுத்துக்கொண்டு வருக' என்னும் அந்த ஒரு வரியை நாணமின்றி எழுதுவது கவிஞர்களுக்கு அரிய செயலன்று.